பழைய பேஸ்பால் படம் வாங்குறீங்களா? மொதல்ல திருப்பிப் பாருங்க

ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்ச அங்கிள் ஒருத்தர் பெரிய பிரேம் ஒண்ண பெட்ஷீட்ல சுத்தி தூக்கிட்டு வந்தாரு. நான் நியூஜெர்சில காகிதக் கன்சர்வேட்டரா இருக்கேன், அதாவது பழைய பேப்பர், மேப், அச்சுப் படம் இதெல்லாம் கிழிஞ்சு கறை புடிச்சு வந்தா சரி பண்ணிக் குடுக்கிறதுதான் பொழப்பு. "கண்ணாடி மட்டும் மாத்திக் குடும்மா, உள்ள இருக்கிறது 1866 ஒரிஜினல், ஜாக்கிரதை"ன்னாரு. ஆன்லைன்ல 1,400 டாலர் குடுத்து வாங்குனாராம்.

படத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது, கரியர் அண்ட் ஐவ்ஸ் கம்பெனி 1866ல போட்ட எலிசியன் ஃபீல்ட்ஸ் மேட்ச் படம். அங்கிள் இருக்கிறது ஹோபோக்கன்ல, அந்த கிரவுண்டும் ஹோபோக்கன்லதான் இருந்துச்சு, 1846 ஜூன் 19ல நிக்கர்பாக்கர்ங்கிற பேஸ்பால் கிளப் அங்கதான் நியூயார்க் நைன்ங்கிற டீம்கிட்ட 23க்கு 1னு செமத்தியா வாங்கிக் கட்டிக்கிச்சு. நம்ம ஊரு படமாச்சேன்னு ஆசைப்பட்டு வாங்கிருக்காரு, அதுல தப்பே இல்ல. ஆனா பிரேமுக்குள்ள இருந்த படம் என் முழங்கை நீளம் கூட இல்ல. ஒரிஜினல்ல படம் மட்டுமே கிட்டத்தட்ட 20க்கு 30 இன்ச் வரும். லென்ஸ் வச்சுப் பாத்தா ஆட்டக்காரன் சட்டை, புல்லு, வானம் எல்லாத்துலயும் வரிசை வரிசையா குட்டிக் குட்டி கலர் புள்ளி. கல் அச்சுல, அதாங்க லித்தோகிராஃப்ல, அப்பிடி வராது, க்ரேயான கல்லுல தேச்ச மாதிரி ஒழுங்கில்லாத பொறிப்பொறியாத்தான் தெரியும், கலரும் பிரஷ்ல கையால போட்டதால கோட்டுக்கு வெளிய அங்கங்க வழிஞ்சிருக்கும். இது ஏதோ பழைய காலண்டர்லேர்ந்து வெட்டுனது. அங்கிளுக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

இந்த மாதிரி வருஷத்துக்கு நாலஞ்சாவது என் மேஜைக்கு வருது, அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒரு குழப்பத்தத் தீத்துடலாம். விக்கிறவங்க எல்லாத்தையும் "வுட்கட்"னுதான் சொல்லுவாங்க. நெஜமான வுட்கட்ங்கிறது பலகையோட நீளவாக்குல கத்தியால செதுக்குறது. ஹார்ப்பர்ஸ் வீக்லி, ஃப்ராங்க் லெஸ்லி மாதிரி அந்தக் காலத்து அமெரிக்க வாரப் பத்திரிகைல வந்ததெல்லாம் வுட் என்க்ரேவிங். மரத்த குறுக்கால அறுத்து, அந்த வெட்டு முகத்துல உளி மாதிரி ஒரு கருவியால கீறுறது. அதுக்குப் பாக்ஸ்வுட்தான் சரி, இரும்பு மாதிரி இருக்கும், ஆனா அந்த மரம் ரொம்ப ஒல்லி. அதனால சின்னச் சின்ன கட்டைகள போல்ட் போட்டு இறுக்கி ஒரே படமா வரைஞ்சு, அப்புறம் கழட்டி ஆளுக்கு ஒண்ணா குடுத்து ராவோட ராவா செதுக்க வச்சு, திரும்பவும் முடுக்கி அச்சுக்கு அனுப்புவாங்க. படத்த சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, வானத்துலயோ கூட்டத்து நடுவுலயோ முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நேரா ஓடும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நெழலும் அந்தப் பக்கம் இருக்கிறதும் லேசா ஒட்டாம நிக்கும். ரெண்டு கை வேலை. எனக்கு எத்தன தடவ பாத்தாலும் அலுக்காத இடம் அதுதான்.

சரி, திருப்பிப் பாக்குறதுன்னு சொன்னேனே. லெட்டர்பிரஸ்ல, அதாவது அச்சு எழுத்தக் கோத்து மை தடவி அடிக்கிற பிரஸ்ல, வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், எழுத்தும் படம் செதுக்குன கட்டையும் ஒரே உயரத்துல இருந்தா ஒண்ணா முடுக்கி ஒரே இழுப்புல அடிச்சிரலாம். அந்தப் பத்திரிகைங்க ஓடுனதே அந்த வசதிலதான். அதனால ஹார்ப்பர்ஸ்லேர்ந்து வந்த பக்கம்னா பின்னாடி பெரும்பாலும் செய்தி, தொடர்கதை, விளம்பரம்னு ஏதாவது அச்சாகியிருக்கும். பக்கம் சுமாரா 11க்கு 16 இன்ச். நடுப்பக்கப் படம்னா இதுக்கு ரெண்டு மடங்கு, நடுவுல மடிப்பு, தைச்ச ஓட்டை இருக்கும். பின்பக்கம் பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு சந்தேகப்படுங்க. கரியர் அண்ட் ஐவ்ஸ் விஷயம் வேற, அது தனித் தாள், பின்னாடி காலியாத்தான் இருக்கும், அங்க அளவும் லென்ஸும்தான் கதி. "பிரேமோட ஒட்டிருக்கு சார், பிரிக்க முடியாது"ன்னு விக்கிறவர் சொன்னா வேணாம்னுட்டு வந்துருங்க.

படத்துக்குள்ளயே கூட சாட்சி இருக்கு. பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி நின்னு பந்தப் புடிக்கிற கேட்சர் மூஞ்சில போடுற கம்பி மாஸ்க் 1877 வாக்குல ஹார்வர்ட்ல வந்தது, ஃப்ரெட் தேயர் 1878ல பேட்டன்ட் வாங்குனாரு. அதுக்கு முன்னாடி படத்துல யாரு கைலயும் கிளவ்வப் பாக்குறது அபூர்வம், பந்து போடுற பிட்ச்சர் அத கீழேர்ந்துதான் வீசுவான். ஒருத்தர் "1860 வுட்கட்"னு கொண்டு வந்த படத்துல கேட்சர் மாஸ்க் போட்டுட்டு உக்காந்திருந்தான், நான் ஒண்ணுமே சொல்லல, மாஸ்க்க மட்டும் வெரலால காட்டினேன்.

அடுத்தது கலர். ஹார்ப்பர்ஸ் பக்கம் அப்ப வந்தது கறுப்பு வெள்ளைல மட்டும்தான். கலர் இருந்தா பின்னாடி எவனோ விக்கிறதுக்காகப் பூசினது. 1869 ஜூலை 3 இதழ்ல சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் ஒம்போது பேரும் வந்த பக்கம் இருக்கு, வெளிப்படையா எல்லாருக்கும் சம்பளம் குடுத்து ஆட வச்ச மொத டீம், அந்த வருஷம் ஒரு மேட்ச் கூட தோக்கல. சேர்க்கிறவங்களுக்கு அது பொக்கிஷம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல அதுல ஒண்ணு வந்துச்சு, பேரே ரெட்டுங்கிறதால ரெட்டு பூசி வச்சிருந்தாங்க. பேப்பர் ஆசிட் ஏறி பழுப்பா இருந்துச்சு, தண்ணில போட்டு ஆசிட்ட இறக்கணும். மை கரையாதுன்னு தெரியும், அந்த செவப்ப ஒரு சொட்டுத் தண்ணி வச்சு டெஸ்ட் பண்ணணும்னு தோணவே இல்ல. தொட்டில எறக்குன அரை நிமிஷத்துல தண்ணி ரோஸ் கலரு. வெளிய எடுத்தப்ப அந்த டீம் கேப்டன் ஹாரி ரைட் தாடி வரைக்கும் ரோஸ். ஓனர்கிட்ட போன் பண்ணி சொன்ன அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுலேர்ந்து கலர் போட்ட எதையும் டெஸ்ட் பண்ணாம நனைக்கிறதில்ல. நீங்க வீட்ல நனைக்கவே நனைக்காதீங்க.

வீட்ல நடக்கிற மத்த கொலைகளும் சொல்றேன். கிழிஞ்ச இடத்துல செலோடேப், பத்து இருவது வருஷத்துல அந்தப் பசை தேன் கலர்ல ஊறி உள்ள போயிரும், டேப் உரிஞ்சு விழுந்தாலும் கறை போகாது. லேமினேஷன் பண்ணிட்டு வந்தா என்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. சில கடைல சூடு வச்சு அட்டைல ஒட்டிக் குடுப்பாங்க, நேரா இருக்கேன்னு சந்தோசப்படாதீங்க, அத்தோட பின்பக்கம் போச்சு, அதோட சாட்சியும் போச்சு. படத்தச் சுத்தி வைக்கிற அட்டை, அதான் மேட் போர்டு, ஆசிட் இல்லாததா, யூவி தடுக்கிற கண்ணாடி, ஒட்டணும்னா ஜப்பான் டிஷ்யூங்கிற மெல்லிசு பேப்பர், கோதுமை ஸ்டார்ச் பசை, இவ்ளோதான் கேக்கணும். ஆசிட் இருக்கான்னு பாக்குற பேனா ஒண்ணு விக்கிறாங்க, அத படத்துல வச்சு இழுக்காதீங்க, கோடு அப்பிடியே நின்னுரும்.

இன்னொண்ணு, இது என் தனிப்பட்ட எரிச்சல். பைண்ட் பண்ணின முழு வருஷத் தொகுப்ப வாங்கி பிளேடால அறுத்து பேஸ்பால் பக்கத்த மட்டும் தனியா வித்துட்டு மிச்சத்தக் குப்பைல போடுறாங்க. அறுத்த வேகத்துல ஓரத்துல நாலஞ்சு எழுத்தும் போயிருக்கும். முழு இதழா கெடச்சா முழுசாவே வாங்குங்க, அதே வாரம் வேற என்ன நடந்துச்சுன்னு படிக்கிறதுக்காவது ஆச்சு. ஓரத்துல ரப்பர் ஸ்டாம்ப்ப சொரண்டின மாதிரி தெரிஞ்சா தொடவே தொடாதீங்க, ஏதாவது லைப்ரரிலேர்ந்து திருடினதா இருக்கலாம்.

அங்கிள் கதைக்கு வர்றேன். காசத் திருப்பி வாங்க முயற்சி பண்ணாரு, கெடைக்கல. அப்புறம் நானே கூட உக்காந்து, பின்னாடி செய்தியும் விளம்பரமுமா இருக்கிற நெஜ ஹார்ப்பர்ஸ் பக்கம் ஒண்ணு அதவிட ரொம்பக் கம்மி விலைல எடுத்துக் குடுத்தேன். அத ஹால்ல மாட்டாதீங்க, உங்க ஹால்ல மதியம் வெயில் நேரா அடிக்குது, இருட்டுப் பெட்டில வைங்க, எப்பவாவது எடுத்துப் பாருங்கன்னேன். ஹால் செவுத்துல அந்தக் காலண்டர் படமே இருக்கு, வெளுத்தாலும் நட்டமில்ல. வீட்டுக்கு வர்றவங்க ஒரிஜினலான்னு கேட்டா அங்கிள் இன்னும் ஆமான்னுதான் சொல்றாராம், ஆன்ட்டி போன்ல சொல்லிச் சிரிச்சாங்க.