கனடாவில் அகதிக் கோரிக்கை: விசாரணையில் எதைப் பார்க்கிறார்கள்?

கனடாவுக்குள் வந்து அகதிப் பாதுகாப்புக் கேட்பவருக்கு முடிவு சொல்வது குடிவரவு, அகதிகள் சபை. நம்பலாமா என்ற கேள்வி எழுந்தால் ஆளை நேரில் கேட்டே ஆக வேண்டும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1989-ல் இந்தச் சபை வந்தது.

விசாரணை மூடிய அறையிலோ காணொளியிலோ நடக்கும். விசாரித்து முடிவு சொல்வது பெரும்பாலும் சபையின் ஒரே ஒரு உறுப்பினர்தான். மொழிபெயர்ப்பாளரைச் சபையே தரும், காசு கிடையாது. சத்தியம் செய்து சொல்வதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே எடுக்க வேண்டும். அந்தக் காரணம் எங்கே கிடைக்கும்? எல்லையில் அதிகாரியிடம் சொன்னது, கோரிக்கைப் படிவத்தில் எழுதியது, இப்போது வாயால் சொல்வது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பொய்யால் அல்ல, தமிழால் என்பேன். பெரியம்மா மகனை 'அண்ணா' என்போம். மொழிபெயர்ப்பில் அவர் கூடப்பிறந்தவர் ஆகிவிடுவார். படிவத்தின் குடும்ப விவரத்திலோ அண்ணனே இல்லை. யாழ்ப்பாணத்தவர் 'மாசி 20' என்றால் பெப்ரவரி 20. தமிழ்நாட்டுக்காரர் மொழிபெயர்த்தால் அது மார்ச் முதல் வாரம். படிவத்தைத் தமிழில் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிழை இருந்தால் விசாரணைக்கு முன்பே எழுதித் திருத்துங்கள். விசாரணையில் மொழிபெயர்ப்பு பிசகினால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். தோற்ற பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

சரி, கதையை நம்பிவிட்டார்கள். அதோடு முடியாது. திரும்பிப் போனால் இனிமேல் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு, இந்த ஐந்தில் ஒன்றால் துன்புறுத்தல் வரும் என்று காட்ட வேண்டும். அதற்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டியதில்லை. உண்மையான வாய்ப்பு இருந்தால் போதும். ஐந்திலும் அடங்காமல், சித்திரவதை அல்லது உயிராபத்து என்று மட்டும் கேட்டால் அளவுகோல் கடுமை: நடக்காமல் போவதைவிட நடக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும்.

சொந்த நாட்டு அரசு காப்பாற்றாதா என்றும் கேட்பார்கள். அப்புறம் வரும் கேள்வி, "நாட்டுக்குள்ளேயே வேறு ஊருக்குப் போயிருக்கலாமே?" இதைப் பற்றிய கனடாச் சட்டம் உருவானதே ஈழத் தமிழர் வழக்குகளில்தான், கொழும்பில் இருந்திருக்கலாமே என்ற கேள்விதான் 1991-லும் 1993-லும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. சபை சொல்லும் ஊரில் ஆபத்து இருக்கக் கூடாது, அங்கே போய் வாழ்வது நியாயமாகவும் இருக்க வேண்டும். காட்டிலோ மலையிலோ ஒளிந்து வாழச் சொல்ல முடியாது. விசாரணைக்கு முன்பே எந்த ஊர் என்று கேட்டு வைத்து, அங்கே ஏன் வாழ முடியாது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள்.

மறுக்கப்பட்டால் பெரும்பாலானோர் சபையின் அகதிகள் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். சில வகையினருக்கு அந்த வழி இல்லை. எழுத்தில் காரணங்கள் கைக்கு வந்த பின் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். வீடு மாறியதைச் சபைக்குச் சொல்லாமல் விட்டால், கடிதம் பழைய முகவரிக்குத்தான் போகும்.