உப்பே போடுவதில்லையாம், க்யூப் மட்டும்தானாம்!

சூப்பிலும் குழம்பிலும் சுவைக்குக் கரைக்கும் கட்டியைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதம் இப்படிச் சொல்லும் நான்காவது ஆள் இவர். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அப்படியும் இறங்கவில்லை, காலில் வீக்கம் வேறு என்று டாக்டர் என்னிடம் அனுப்பிவைத்த அம்மா. "உப்பை விட்டு ஆறு மாசம் ஆச்சுங்க. சூப்புக்குக்கூட க்யூப் மட்டும்தான்" என்றவர், பர்ஸிலிருந்து அந்த க்யூப் சுற்றியிருந்த கசங்கிய மஞ்சள் தாளை எடுத்து நீட்டினார். "பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. அஜினமோட்டோ இல்லைன்னு போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். முன்பக்கம் முழுக்கோழிப் படம். பின்பக்கத்தை ஃபோன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முதல் பெயரே உப்பு. அப்புறம் பாமாயில், சர்க்கரை, ஈஸ்ட் சாறு. கோழி எங்கேயோ கடைசியில், நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடுவார்கள். ஆக, இது கோழி வாசனை அடிக்கும் உப்புக்கட்டி. இவ்வளவு பெரிய நிறுவனம் ஏமாற்றாது என்று நம்பி நானும் ஒருகாலத்தில் வாங்கியவள்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த அஜினமோட்டோ பயத்தைப் பார்த்துத்தான். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டிய குளூட்டமேட் என்ற சுவைப்பொருளின் உப்பு வடிவம் அது. தக்காளியில் குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு, அஜினமோட்டோவுக்குத் தினசரி உச்சவரம்பு வைக்கத் தேவையில்லை என்று 1987-லேயே சொல்லிவிட்டது. ரத்த அழுத்தத்தை ஏற்றுவது சோடியம்; அது அஜினமோட்டோவில் நூற்றுக்கு 12 பங்கு. சாப்பாட்டு உப்பிலோ 39. எதற்குப் பயப்பட வேண்டும், நீங்களே சொல்லுங்கள். தவிர, "இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ஈஸ்ட் சாறு சேர்க்கிறார்களே, அதில் இருப்பதும் குளூட்டமேட்தான். பொய் சொன்னார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது!

அந்தத் தாளில் 100 மில்லி சூப்புக்கு 1 கிராம் உப்பு என்று இருந்தது. 100 மில்லியோடு யார் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார்கள்? ஒரு கட்டி அரை லிட்டருக்கு. அப்படியென்றால் 5 கிராம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அம்மா தினமும் சூப்புக்கு ஒன்று, காய்க்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை பாவம், என்ன செய்யும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும். க்யூப் போட்டே தீருவேன் என்றால் பாதிக் கட்டி போடுங்கள், மேலே உப்பு வேண்டாம். "சோடியம் குறைவு" என்று விற்பதைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பலவற்றில் உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்; பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிரஷர் மாத்திரைகளோடும் சேராது.

கைக்குழந்தை சாப்பிட மறுக்கிறது என்று துளி க்யூப் கரைத்து ஊட்டும் அம்மாக்களே, தயவுசெய்து வேண்டாம். ஒரு வயதுக்குள் அதற்குத் தனி உப்பே தேவையில்லை.

அடுத்த முறை டாக்டரிடமோ என்னிடமோ வரும்போது, மாத்திரைச் சீட்டோடு சமையலறையில் இருக்கும் பாக்கெட்டுகளையும் எடுத்து வாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் நான் படித்துச் சொல்கிறேன்.