சிங்கப்பூர் நண்பர் அனுப்பிய 2 லட்சம்

தேர்தல் பணம் என்றதும் வேலூர்க்காரர்களுக்கு 2019 ஞாபகம் வரும். கட்டுக்கட்டாகப் பணம் சிக்கி, ஏப்ரலில் நடக்கவேண்டிய மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் ஓட்டுப் போட்டோம். அதனாலோ என்னவோ, மூட்டையில் வந்தால்தான் தப்பு, வங்கி வழியாக வந்தால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள்.

குடியாத்தம் பக்கம் கவுன்சிலருக்கு நின்ற ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு, செலவுக் கணக்கு எழுத ஆடிட்டரான என்னிடம் வந்தார். பாஸ்புக்கில் 2 லட்சம் வரவு.

"கூடப் படிச்சவன் சார், சிங்கப்பூர்ல இருக்கான். ஆசையா அனுப்பினான்."

"அவர் பாஸ்போர்ட் இந்தியாவுதா, சிங்கப்பூருதா?"

"அங்கேயே சிட்டிசன் ஆயிட்டான். ஆனா ஓசிஐ கார்டு இருக்கே?"

வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ கார்டு இங்கே உதவாது. வேறு நாட்டுக் குடிமகன் தரும் பணம், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம்தான். 3-ஆம் பிரிவு அதை வேட்பாளருக்கும் கட்சிக்கும் தடுக்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கு மட்டுமல்ல, நகராட்சி, பஞ்சாயத்து வேட்பாளருக்கும் இதே தடை. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். அதே நண்பர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பளச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் இந்தச் சட்டம் குறுக்கே வராது.

"அப்போ மச்சான் அக்கவுண்ட்டுக்குப் போட்டு, அவன் எனக்குத் தந்தா?" என்றார். எத்தனை கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணமே என்று சட்டத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மச்சானும் மாட்டுவார்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வெளிநாட்டுப் பங்கு அதிகமுள்ள கம்பெனிகளின் நன்கொடைக்காக, எது வெளிநாட்டுப் பணம் என்ற வரையறையை 2016-இல் தளர்த்தினார்கள். 2018-இல் அந்தத் தளர்வை, 1976 முதல் வாங்கிய நன்கொடைக்கும் பொருந்தும்படி பின்னோக்கி இழுத்தார்கள். கவுன்சிலரின் நண்பனுக்கு அப்படி யாரும் வழிவிடவில்லை. சரி, சட்டம் சட்டம்தான்.

நெருங்கிய உறவினர் தரும் பணத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் மனுவுக்கு முந்தைய 180 நாளில் அப்படி வாங்கியிருந்தாலும் மத்திய அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது: "மலேசியாவுல தாய்மாமன் இருக்காரு சார்."

காது குத்த மடி தருகிற தாய்மாமன், இந்தச் சட்டத்தின் உறவுப் பட்டியலில் இல்லை. அந்த 2 லட்சத்தைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, வக்கீலைப் பார்க்க, வேலூரில் கோர்ட் இருக்கும் சத்துவாச்சாரிக்கு அவரை அனுப்பினேன்.