கியூபா சுருட்டை விட்டு விலை குறைந்த சுருட்டுக்கு மாறியவர்களுக்கு ஒரு பல் மருத்துவர் எழுதுவது

பல்லில் படிந்த கறையை எடுக்க வந்தவர் அவர். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். கறையைவிட முதலில் கண்ணில் பட்டது மேல் அண்ணம்தான். இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருக்க வேண்டிய இடம், காய்ந்து வெடித்த களிமண் தரை மாதிரி சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. அதன் மேல் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் பத்துப் பதினைந்து. கேஸ் ஷீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"சுருட்டு உண்டா சார்?"

"அது உண்டு டாக்டர். ஆனா நான் புகையை உள்ளே இழுக்கிறதில்லை. கியூபா சுருட்டைக்கூட விட்டுட்டேன், இப்ப நிகரகுவா நாட்டுச் சுருட்டுதான். அதே தரம், விலை பாதிகூட இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. சுருட்டு பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் புகைபிடிப்பவர்களாக எண்ணுவதே இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த "இல்லை"தான்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் அண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நிறைய உண்டு. சூடான புகை நாள்தோறும் மோதும்போது அண்ணத்தின் தோல் தடித்து வெளுத்துப்போகிறது, சுரப்பிகளின் வாய்கள் அழன்று சிவக்கின்றன. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு நிக்கோட்டின் ஸ்டொமடைட்டிஸ் என்று பெயர். பெயரில் நிக்கோட்டின் இருந்தாலும் முக்கியக் காரணம் சூடு. சிகரெட் பிடிப்பவர்களைவிட பைப்பும் சுருட்டும் பிடிப்பவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். இது புற்றுநோய் இல்லை. பழக்கத்தை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அண்ணத்தைச் சுட்ட அதே புகை நாக்கின் ஓரத்தையும், நாக்குக்கு அடியையும், தொண்டையையும் தொட்டுத்தான் வெளியே வந்திருக்கிறது. ஆகவே அண்ணம் வெளுத்த வாயைப் பார்த்தால் மற்ற இடங்களையும் அங்குலம் அங்குலமாகத் தேடாமல் நான் அனுப்புவதில்லை.

கியூபா சுருட்டுக்குச் சமமான தரம் வேறு நாடுகளிலும் கிடைக்கிறது என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை மறுத்துப் பேசினால் என் மற்ற பேச்சையும் அவர் நம்பமாட்டார். எனவே அந்தக் கதையையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1959 புரட்சிக்குப் பிறகு, 1960-ல் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருந்த பல குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேறின. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா மீது முழு வர்த்தகத் தடை கொண்டுவந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள், தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிங்கரை அனுப்பி 1,200 கியூபா சுருட்டுகளை வாங்கிவரச் செய்த பிறகே தடையில் அவர் கையெழுத்திட்டார் என்பது சாலிங்கரே பின்னாளில் சொன்னது. அமெரிக்கச் சந்தைக்குக் கியூபா கதவு சாத்தப்பட, வெளியேறிய குடும்பங்கள் விதையும் கைப்பழக்கமுமாக அக்கம்பக்கத்து நாடுகளில் மண் தேடின. பத்ரோன் குடும்பம் 1964-ல் மயாமியில் தொடங்கி, 1970-ல் நிகரகுவாவின் எஸ்தெலிக்குப் போனது. இப்படித்தான் நிகரகுவாவின் எஸ்தெலி, ஹலாபா பள்ளத்தாக்குகளும், ஹோண்டுராஸின் ஹமஸ்த்ரானும், டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்கும் சுருட்டு உலகின் பெரிய பெயர்களாயின. மேலே சுற்றும் மெல்லிய இலைக்கு எக்வடோர் பேர்பெற்றது. வெயிலை மேகம் மறைத்து நிற்பதால் அங்கே இலை மெலிதாக வளர்கிறது.

பெயர்களிலும் இதே பிளவு உண்டு. மோன்டெக்ரிஸ்டோ, ரோமியோ ஒய் ஹூலியேட்டா, பர்தகாஸ், கோஹிபா என்ற பெயர்களில் கியூபாச் சுருட்டும் இருக்கிறது, அதே பெயரில் கியூபாவுக்கு வெளியே தயாராகும் சுருட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் வேறு, இலை வேறு. கியூபாச் சுருட்டின் விலையில் பினார் தெல் ரியோ மாகாணத்து மண்ணுக்கு ஒரு பங்கு. பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் பெரும் பங்கு. அதனால்தான் போலிகளும் அந்தப் பெயரில்தான் குவிகின்றன. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியை யாராவது நீட்டினால் அது போலி என்று அறிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், கியூபா அப்படிப் பெட்டியே போடுவதில்லை. போலிக்குள் என்ன இலை, என்ன தூசு என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு வேறுபாடு என் வேலையோடும் தொடர்புள்ளது. நல்ல கைச்சுருட்டில் நுனியிலிருந்து அடிவரை நீளும் முழு இலைகளை மடித்து உள்ளே வைப்பார்கள். மிக மலிவான சரக்கில் வெட்டுத்துண்டு இலைகளை அடைப்பார்கள். துண்டு இலை சீக்கிரம் எரியும், புகையும் சூடாக வரும் என்று பிடிப்பவர்களே சொல்கிறார்கள். அண்ணத்துக்கு அந்தச் சூடு நல்லதில்லை. முழு இலை அடைத்த சுருட்டு நல்லது என்று இதற்கு அர்த்தமாகாது.

இதுவரை அவரும் நானும் ஒரே பக்கம். பிரிவது அடுத்த கேள்வியில்.

"கியூபா சுருட்டு இருந்தப்போ மாசத்துக்கு எத்தனை சார்?"

கொஞ்சம் யோசித்தார். "மாசத்துக்கு ரெண்டு. விசேஷம்னா மூணு."

"இப்ப?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. லீவு நாள்னா ரெண்டு."

சொல்லி முடித்ததும் அவரே என்னைப் பார்த்தார். மாதத்துக்கு இரண்டு என்பது முப்பதைத் தாண்டியிருந்தது. விலை கையைக் கடித்தவரை அதுவே கடிவாளமாக இருந்தது. கையைக் கடிக்காத பெட்டி வீட்டுக்கு வந்ததும் கடிவாளம் கழன்றது. மாற்றுச் சுருட்டுக்குப் போன பலரிடம் இதையே கேட்டிருக்கிறேன், பலரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். சுருட்டில் ஆபத்தைத் தீர்மானிப்பது ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு ஆழமாக இழுக்கிறோம், எத்தனை ஆண்டுகளாக என்பவைதான். இலை விளைந்த நாடு அந்தக் கணக்கில் வரவே வராது.

அளவையும் யோசித்துப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம், அதாவது சிலவற்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு. எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். "ஒண்ணே ஒண்ணு" என்ற சொல் இங்கே ஏமாற்றுகிறது.

"இது இயற்கையான இலை டாக்டர், சிகரெட் மாதிரி கெமிக்கல் கிடையாது" என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். கைச்சுருட்டில் இலை மட்டுமே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இலை பச்சையாகச் சுருட்டப்படுவதில்லை. உலர்த்தி, ஈரம் சேர்த்து, ஆள் உயரக் குவியலாக அடுக்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். குவியல் தானாகச் சூடேறும், அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்குவார்கள். இலையின் காரம் அடங்கி மணம் கூடுவது இதில்தான். இதே பதப்படுத்தலில்தான் நுண்ணுயிரிகள் இலையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன, அது நிக்கோட்டின் போன்றவற்றோடு சேர்ந்து நைட்ரசமைன்களாக மாறுகிறது. புகையிலைக்கே உரிய இந்த நைட்ரசமைன்களில் இரண்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. மணத்தைக் கொடுக்கும் குவியலே அதையும் கொடுக்கிறது. பினார் தெல் ரியோவிலும் எஸ்தெலியிலும் இலையைப் பதப்படுத்துவது இந்த வழியில்தான். மேல் இலை வெளிர் நிறமாக இருக்கிறது, "மைல்டு" என்பதெல்லாம் நாக்குக்குத் தெரியும் சமாசாரம், செல்களுக்குத் தெரியாது.

"உள்ளே இழுக்கிறதில்லை" என்ற வாதத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற எல்லா வாதங்களும் சாய்ந்து நிற்பது இந்தச் சுவரில்தான்.

சிகரெட் புகை பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. அந்த நிலையில் நிக்கோட்டின் வாயின் தோல் வழியே எளிதில் நுழையாது, நுரையீரலுக்குப் போனால்தான் வேலை செய்யும். ஆகவே இழுக்கிறார்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதில் நிக்கோட்டின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். பற்றவைக்காத சுருட்டைச் சும்மா வாயில் கவ்வியிருந்தால்கூட எச்சிலோடு நிக்கோட்டின் போகும். அதாவது, இழுக்காமலே நிறைவு கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் வாயே நுரையீரலின் வேலையைப் பார்க்கிறது என்பதுதான். நுரையீரல் ஓரளவு தப்புகிறது. வாயும் உணவுக்குழாயும் தப்புவதே இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் சுருட்டைப் பற்றி மட்டும் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. நாள்தோறும் சுருட்டு பிடிப்பவர்களுக்கு வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்கள் வருகின்றன என்று அது தெளிவாகச் சொன்னது. அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு ஒப்பந்தப்படி பெரிய நிறுவனங்களின் சுருட்டுப் பெட்டிகளில் அச்சிடப்பட்ட எச்சரிக்கைகளில் ஒன்றே, புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரலாம் என்பதுதான். சிகரெட்டை விட்டுவிட்டுச் சுருட்டுக்கு வந்தவர்களின் கதை இன்னும் மோசம். பழைய பழக்கத்தில் அவர்கள் தங்களை அறியாமல் இழுத்துவிடுகிறார்கள்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டைப் பற்றி என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். நாளைக்கு இருபது சுருட்டு பிடித்தவர். 1923-ல் அவருடைய மேல் தாடையிலும் அண்ணத்திலும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். வாய்க்கும் மூக்குக்கும் இடையிலிருந்த சுவரையே எடுக்க வேண்டியதாகி, அந்த ஓட்டையை அடைக்கப் பெரிய செயற்கைத் தகடு ஒன்றை மாட்டிக்கொண்டு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். தகடு இருந்தால் புண்ணாக்கும். கழற்றினால் பேசவும் சாப்பிடவும் முடியாது. அப்படிப்பட்ட தகடுகளை நானும் செய்து பொருத்தியிருக்கிறேன். முதல் முறை பொருத்தியதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். அது மூக்கு வழியாக வராமல் தொண்டைக்குள் இறங்கியதும் அவர்கள் அழுதுவிடுவார்கள். மனித மனத்தை அவ்வளவு அறிந்த பிராய்டாலேயே சுருட்டை விட முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விட முடியாதவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. அது நிக்கோட்டினின் பிடி. மருத்துவ உதவியோடு விடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விட்டவரும் உண்டு. சுருட்டும் கையுமாகவே உலகம் பார்த்துப் பழகிய ஃபிடல் காஸ்ட்ரோ 1985-ல், கியூபாவின் புகையிலை எதிர்ப்புப் பிரசாரத்துக்காகத் தானே நிறுத்திக்கொண்டார்.

இதைப் படிப்பவர் சுருட்டு பிடிப்பவராக இருந்தால் இன்று இரவு பல் துலக்கியதும் கண்ணாடி முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். போன் வெளிச்சம் போதும். நாக்கை ஒரு துணியால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள், பிறகு நாக்கை மடித்து அடியில் பாருங்கள். கீழ் உதட்டை வெளியே மடித்துப் பாருங்கள், சுருட்டை வைக்கும் பக்கத்தைக் கூடுதலாக. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போன்ற சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, மாறாத குரல் கரகரப்பு, இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். சிவந்த திட்டுக்கு ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வலிக்கட்டும், அப்புறம் போகலாம் என்று இருப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். ஆரம்பத்தில் இது வலிப்பதே இல்லை. சுருட்டோடு மதுவும் சேர்ந்தால் ஒன்றின் ஆபத்தை இன்னொன்று கூட்டிவிடும், எனவே அந்தப் பழக்கத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அன்று வந்தவரின் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைத் திட்டு இருந்தது. பயாப்சி எடுத்தோம். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்களில் லேசான மாற்றம் தொடங்கியிருந்தது. அவர் சுருட்டை நிறுத்தினார், நடுவில் ஒரு முறை தடுமாறி மறுபடி நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அண்ணம் பாதிக்கு மேல் இளஞ்சிவப்பாகிவிட்டது, புள்ளிகள் மங்கியிருந்தன. நாக்கின் திட்டுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகிறார்.

என் கேஸ் ஷீட்டில் "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்ற கேள்வி இப்போது இல்லை. அந்த இடத்தில் சிகரெட், சுருட்டு, பைப், மெல்லும் புகையிலை என்று தனித்தனி வரிகள் போட்டிருக்கிறேன். சுருட்டு வரிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கட்டங்கள்: போன வருடம் மாதத்துக்கு எத்தனை, இந்த வருடம் எத்தனை.