திரையில் தெரிந்த 143

ஒரு சங்கத்தின் பொதுக்குழு இணையவழியில் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினித் திரையின் ஓரத்தில் 143 என்ற எண் தெரிந்தது. துணைவிதிப்படி 120 உறுப்பினர்கள் இருந்தால் கூட்டம் செல்லும் என்பதால், தலைவர் வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். கணக்கு நிறைவேறியது, ஒரு விதித்திருத்தம் நிறைவேறியது, புதிய செயற்குழுவும் தேர்வாயிற்று. பதினைந்து நாள் கழித்து ஓர் உறுப்பினர் எழுதிய கடிதம் வந்தது. வருகைப் பட்டியலைக் கேட்டிருந்தார். செயலியிலிருந்து இறக்கிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. தொழில்நுட்ப உதவிக்கு இருந்த எங்கள் ஆட்கள் நான்கு பேர், கணினியிலும் கைப்பேசியிலுமாக இரண்டு முறை நுழைந்தவர்கள், மாநாட்டுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர்கள், ‘ஐபேட்’ என்ற பெயரில் மட்டுமே தெரிந்த இருவர் என எல்லோரும் அந்த 143-க்குள் இருந்தார்கள். கழித்துப் பார்த்தால் உறுப்பினர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் 117 பேர். பொதுக்குழுவை மறுபடி கூட்ட வேண்டியதாயிற்று.

தொழில்முறைச் சங்கங்களுக்கும் அறிவியல் கழகங்களுக்கும் ஆண்டு மாநாடு நடத்திக் கொடுப்பது என் வேலை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 பரவலைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டதற்குப் பிந்தைய மாதங்களில் நான் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் தவறு செய்து கற்றவைதான். அவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. சங்கத்தின் ஆண்டு மாநாடு என்பது ஒரே நிகழ்ச்சி அல்ல. கருத்தரங்கம், பொதுக்குழு, சந்திப்பு என்னும் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தோம், அவ்வளவே. கூரை போனதும் மூன்றும் தனித்தனியாகிவிடுகின்றன. எளிதில் இணையத்துக்கு மாறக்கூடிய கருத்தரங்கத்துக்கே நிர்வாகிகளின் கவனம் முழுவதும் போய்விடுவதால், சட்டப்படி சங்கத்தைத் தாங்கி நிற்கும் பொதுக்குழு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

எப்போது முடிவெடுப்பது என்பதில்தான் முதல் சிக்கல் எழுகிறது. அமெரிக்க இயற்பியல் கழகம் டென்வர் நகரில் 2020 மார்ச் 2 அன்று தொடங்கவிருந்த கூட்டத்தை, பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வருவதாக இருந்த நிலையில், பிப்ரவரி 29 அன்று இரவு ரத்து செய்தது. பலர் அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைய நிலையில் அதைத் துணிச்சலான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த நிலைக்கு வராமல் இருக்க, ‘இந்தத் தேதிக்குள் இன்னது நடக்காவிட்டால் இணையவழி’ என்று செயற்குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தேதி நெருங்கும்போது நம்பிக்கை பேசும். எழுதிவைத்த தீர்மானம் அதற்கு இடம் கொடுக்காது.

அரங்க ஒப்பந்தத்தை அதற்கு முன்பே எடுத்துப் படித்துவிட வேண்டும். ‘தவிர்க்க இயலாச் சூழல்’ பற்றிய பத்தி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதில் பெருந்தொற்று என்ற சொல் இருக்கிறதா, அரசு தடை விதித்தால் மட்டும் பொருந்துமா, நாமாக முன்கூட்டி விலகினால் முன்பணம் என்ன ஆகும் என்பவை ஒவ்வொன்றிலும் வேறுபடும். தடை வருவதற்கு ஒரு வாரம் முன்பு பொறுப்புணர்வோடு விலகிய ஒரு சங்கம் முன்பணம் முழுவதையும் இழந்ததையும், ஒரு வாரம் தயங்கிய இன்னொரு சங்கம் முழுத்தொகையையும் திரும்பப் பெற்றதையும் நான் அருகிலிருந்து பார்த்தேன். நியாயம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருமாறு கேட்பது அரங்க நிர்வாகத்துக்கும் ஏற்புடையதாக இருக்கும். நிகழ்ச்சி ரத்துக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் பலருக்கும் தொற்றுநோய் அதில் விலக்கப்பட்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. 2020-இல் ரத்தான விம்பிள்டன் போட்டிக்குப் பெருந்தொற்றுக் காப்பீடு இருந்தது அரிதான விதிவிலக்கு.

கருத்தரங்கத்தைப் பொறுத்தவரை, மூன்று நாள் நிகழ்ச்சி நிரலை அப்படியே தூக்கித் திரையில் வைக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும் இரண்டு முன்மாதிரிகளைச் சொல்லியாக வேண்டும். அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த ஐசிஎல்ஆர் என்னும் இயந்திரக் கற்றல் மாநாடு 2020 ஏப்ரல் இறுதியில் முழுவதும் இணையத்துக்கு மாறியபோது, உரைகளைச் சிறு காணொளிகளாக முன்கூட்டியே பதிவு செய்து வெளியிட்டது. கேள்வி பதிலை மட்டும் நேரலையில் வைத்து, உலகின் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்களுக்காக ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தது. அடுத்த மாதம் ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியம் இன்னும் எளிய வழியில் போனது. ஆய்வாளர்கள் தங்கள் படங்களையும் குறிப்புகளையும் பதிவேற்றிவிட, அமர்வுகள் எழுத்து உரையாடலாகவே நடந்தன. 26,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். காணொளி இல்லாத மாநாடா என்று முகம் சுளித்தவர்களுள் நானும் ஒருவன். பிறகு இணைப்பு பலவீனமான இடங்களிலிருந்து நுழைந்த உறுப்பினர்கள் எழுத்தில் தயங்காமல் கேள்வி கேட்பதையும், மேடையில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கத் துணியாத இளையவர்கள் அங்கே முந்திக்கொள்வதையும் பார்த்த பின் என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

பதிவு செய்வதற்கு ஒப்புதல் வாங்காமல் விட்டுவிடுவது இங்கே நடக்கும் பெரிய பிழை. அரங்கில் நூறு பேர் முன்னால் வெளியிடப்படாத ஆய்வு முடிவைக் காட்டத் தயாராக இருப்பவர், அது ஆண்டுக்கணக்கில் இணையத்தில் கிடப்பதற்குத் தயாராக இருக்க மாட்டார். நோயாளியின் படம் உள்ள உரை என்றால் கேட்கவே வேண்டாம். பதிவு யாருக்குக் கிடைக்கும், எத்தனை நாள் இருக்கும், யார் நீக்குவார் என்பதை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். அதேபோல் நுழைவு இணைப்பைச் சமூக ஊடகத்தில் போடுவது வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம். அழையாதவர்கள் கூட்டங்களில் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டிய நிகழ்ச்சிகள் பெருகியதால்தான், 2020 ஏப்ரலில் ஜூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் பலருக்கு இயல்பு அமைப்பாகவே ஆக்கியது.

சந்திப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேநீர் இடைவேளையைத் திரையில் உருவாக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்றன. ஐந்தாறு பேர் கொண்ட சிறு அறைகளில், பேச்சைத் தொடங்கிவைக்க ஒருவரைப் பொறுப்பாக்கிய இடங்களில் மட்டும் பேச்சு நடந்தது. மெய்நிகர் கண்காட்சிக் கூடங்களில் ஸ்டால் எடுத்த நிறுவனங்களோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு அவர்களிடம் போய் நிற்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தால், வருகிற கூட்டத்தைப் பெருக்கிச் சொல்லி அந்த இடத்தை விற்காதீர்கள்.

இனிப் பொதுக்குழு. முதலில் துணைவிதிகளில் ‘நேரில்’ என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இணையவழிக் கூட்டத்துக்கு விதிகளில் இடமில்லை என்றால், செயற்குழு நினைத்தால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகம் 2020 ஏப்ரலிலும் மேயிலும் வெளியிட்ட சுற்றறிக்கைகள் பங்குதாரர் கூட்டங்களைக் காணொளி வழியே நடத்த வழி செய்தன. பிரிட்டன் ஜூனில் சட்டமே இயற்றியது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘அரசே அனுமதித்துவிட்டது’ என்று சொன்ன செயலாளர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிகளுக்குத் தந்த சலுகை வேறு சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கத்துக்குத் தானாகப் பொருந்தாது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்து, பதிவாளர் அலுவலகத்திடமோ வழக்கறிஞரிடமோ எழுத்தில் கருத்துப் பெற்ற பிறகே அறிவிப்பு அனுப்புங்கள்.

வாக்கெடுப்பில் நாங்கள் செய்த பிழைகள் தனிக்கதை. நாங்கள் பயன்படுத்திய செயலியில் கூட்டத்தை நடத்துபவரும் இணை நடத்துநர்களும் கருத்துக்கணிப்பில் அப்போது வாக்களிக்க முடியவில்லை. வசதிக்காக நிர்வாகிகள் எல்லோரையும் இணை நடத்துநர்களாக்கியிருந்தோம். அதாவது செயற்குழுவின் வாக்குரிமையை நாங்களே பறித்திருந்தோம். அதை ஈடுகட்ட, வாக்களிக்க முடியாதவர்கள் உரையாடல் பெட்டியில் ‘ஆதரவு’ என்று எழுதலாம் என்று யாரோ அறிவித்ததும், ஏற்கெனவே வாக்களித்தவர்களும் எழுதத் தொடங்கினார்கள். இரகசிய வாக்கெடுப்பு என்று விதி சொல்லும் தேர்தலில் இப்படி! இவற்றுக்கிடையே, இருவருமே உறுப்பினர்களான ஒரு தம்பதி ஒரே கணினியின் முன் அமர்ந்திருந்தார்கள். அவர்களுடையது ஒரு வாக்கா, இரண்டா? எங்களிடம் பதில் இல்லை.

மறுகூட்டத்தில் செய்தவற்றைச் சொல்கிறேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவருக்கு மட்டுமேயான நுழைவு இணைப்பு அனுப்பினோம். கதவை 45 நிமிடம் முன்பே திறந்து, காத்திருப்பு அறையில் ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் உறுப்பினர் எண்ணைச் சேர்த்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு உள்ளே விட்டோம். உதவியாளர்களின் பெயருக்கு முன்னால் ‘பணி’ என்று எழுதினோம். கூட்டம் தொடங்கியபோதும், ஒவ்வொரு தீர்மானத்துக்கு முன்பும் எண்ணிக்கையை அறிவித்து நடவடிக்கைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினோம். இணைப்பு அறுந்து நடுவில் வெளியேறுபவர்களால் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் போகக்கூடும் அல்லவா? தேர்தலைக் கூட்டத்துக்குள் வைக்காமல், ஒருமுறை மட்டும் பயன்படும் தனிக்குறியீட்டுடன் தனி வாக்கெடுப்பாக 48 மணி நேரம் திறந்து வைத்து, போட்டியிடாத இருவரை மேற்பார்வையாளர்களாக அமர்த்தினோம். திரையில் 139 என்று தெரிந்தது. குறிப்பேட்டில் 131 என்று எழுதினோம்.

அந்தத் தம்பதிக்கு இரண்டு இணைப்புகள் போயிருந்தன. ஒரே அறையில் இரண்டு கருவிகளையும் திறந்ததால் ஒலி ஒன்றில் மோதி ஒன்றில் ஊளையிட, கணவர் கைப்பேசியோடு அடுத்த அறைக்குப் போனார். விதித்திருத்தத்துக்கு மனைவி ஆதரவாக வாக்களித்தார். கணவர் எதிர்த்து வாக்களித்தார்.