அந்த அம்புக்குறியை யார் கொடுத்தது?

ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டிவிடுகிறோம். பாதி உயரத்தில், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது, அதன் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையை விட்டுவிடலாம். அம்புக்குறி போடச் சொன்னால் பல மாணவர்கள் இரண்டு போடுவார்கள்: ஈர்ப்புக்குக் கீழ்நோக்கி ஒன்று, அதைவிட நீளமாக மேல்நோக்கி ஒன்று. மேலே இருப்பது என்ன என்று கேட்டால், “கை கொடுத்த விசை” என்பார்கள். கைதான் எப்போதோ விட்டுவிட்டதே! நாணயம் ஏறுவது கை விடும்போது பெற்றிருந்த திசைவேகத்தால். விசை என்று பார்த்தால் ஈர்ப்பு ஒன்றுதான்.

1982இல் இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஜான் கிளமென்ட் பொறியியல் மாணவர்களிடம் இதைக் கேட்டபோது பெரும்பாலானோர் தவறாகத்தான் போட்டார்கள். படிக்காததன் விளைவு என்று இதை ஒதுக்க முடியாது. எறிந்த பொருளுக்குள் ஓர் உந்துதல் தங்கி அதை ஓட்டுகிறது என்று 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அறிஞர் ழான் பூரிடானும் நினைத்தார்.

அடுத்த சிக்கல், கணக்கைப் பார்த்ததும் ஃபார்முலா தேடுவது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் இயற்பியல் கணக்குகளை வகை பிரிக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளம் ஒரு பக்கம், சுருள்வில் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தேர்ந்தவர்களோ ஆற்றல் அழியாமை, நியூட்டனின் இரண்டாம் விதி (விசை = நிறை × முடுக்கம்) என்று கணக்குக்கு அடியில் இருக்கும் விதியை வைத்துப் பிரித்தார்கள்.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். உராய்வில்லாத தரையில் 3 கிலோ கட்டை, அதை ஒட்டி முன்னால் 2 கிலோ கட்டை. பின்னாலிருந்து 3 கிலோ கட்டையை 10 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். முன்கட்டை மேல் எவ்வளவு விசை?

“10தான், அப்படியே கடந்து போகும்” என்பது அடிக்கடி வரும் பதில். இங்கே ஃபார்முலாவைவிட ஒவ்வொரு கட்டையையும் தனியாக வரைந்து, ஒவ்வோர் அம்புக்கும் ‘இதைக் கொடுத்தது யார்?’ என்று கேட்பதுதான் உதவும். முன்கட்டையைத் தொடுவது நம் கை அல்ல, பின்கட்டை. இரண்டும் சேர்ந்து 5 கிலோ, ஆகவே முடுக்கம் 2 மீ/வி². முன்கட்டைக்கு அந்த முடுக்கம் தர 4 நியூட்டன் போதும். அதே 4 பின்கட்டையைத் திருப்பித் தள்ளுகிறது. மீதி 6 நியூட்டன், 3 கிலோ, மறுபடியும் 2.

10 அப்படியே கடந்திருந்தால் பின்கட்டை மேல் நிகர விசை பூஜ்யம், அதற்கு முடுக்கமே இல்லை. முன்கட்டை மட்டும் 5 மீ/வி² முடுக்கத்தில் தனியாகப் பிரிந்து ஓடியிருக்கும்.