கிட்னி கட்டி மெத்தென்று இருந்தால் பயமில்லையா?

கல் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களில் சிலருக்கு, வந்த காரணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கிட்னியில் ஒரு கட்டி தெரியும். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு வருகிற குடும்பங்கள் 'கட்டி' என்று கேட்டதுமே ஆடிப்போய்விடுகிறார்கள். 50 வயதுக்கு மேல் கிட்னியில் தெரிபவற்றில் பெரும்பாலானவை சாதாரண நீர்க்கட்டிகள்தான், தொந்தரவு இல்லையென்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம். யோசிக்க வேண்டியது, உள்ளே சதையாக இருக்கும் கட்டிகளை.

அங்கேதான் எலாஸ்டோகிராபி, அதாவது திசு எவ்வளவு கெட்டி என்று அளக்கும் ஸ்கேன், கொஞ்சம் கைகொடுக்கிறது. ஈரலுக்கு எடுக்கும் ஃபைப்ரோஸ்கேனும் இந்த வகைதான். மெஷின் உள்ளே ஒரு சின்ன அதிர்வை அனுப்பி, அது திசுவில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும். கெட்டியான திசுவில் வேகம் கூடும். ஆஞ்சியோமயோலிப்போமா என்கிற கொழுப்புக் கட்டி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், ஆனால் சில சின்னப் புற்றுநோய்க் கட்டிகளும் அப்படியே வெள்ளையாகத் தெரிந்து நம்மைக் குழப்பும். பல ஆய்வுகளில் புற்றுநோய்க் கட்டி சராசரியாகக் கெட்டியாகவும் கொழுப்புக் கட்டி மெத்தென்றும் இருந்திருக்கிறது. சராசரியாக, அவ்வளவுதான். ஒருவருக்கு வரும் அளவு எந்தப் பக்கமும் விழலாம்.

அதோடு கிட்னி முதுகுப் பக்கம் ஆழத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே கீழே போய்வருகிறது. "மூச்சை இழுத்து அப்படியே பிடிங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் திரையில் கெட்டித்தன்மையைக் காட்டும் கலர் கட்டம் பாதி நிரம்பிக் கலைந்துவிடும். அப்படி வந்த நம்பரை நான் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. கிட்னிக்குள் ரத்த ஓட்டம் மாறினாலும், உடம்பில் வைத்துப் பார்க்கும் புரோபைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் அளவு மாறும்.

அப்புறம் அந்தக் கலர். படத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனி மெஷினில் சிவப்பு கெட்டி, இன்னொன்றில் நீலம்தான் கெட்டி. தயவுசெய்து கலரை வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது இதற்கு நேர் எதிரானது. "மெத்தென்று இருக்குன்னு சொன்னாங்களே சார், அப்புறம் எதுக்கு சிடி?" என்று கேட்டுவிட்டு அதோடு வராமல் போகிறவர்கள். சிடியில் கட்டிக்குள் கொழுப்பு இருக்கிறதா என்பது அநேகமாகத் தெளிவாகத் தெரிந்துவிடும், மருந்து ஏற்றி எடுத்தால் கட்டி எவ்வளவு ரத்தம் இழுக்கிறது என்பதும் தெரியும். அதற்கு முன் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்ப்பார்கள். அது அதிகமாக இருந்தால் எம்ஆர்ஐ மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் சிலருக்கு பயாப்சி, அதாவது ஊசியால் கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது. எலாஸ்டோகிராபி இவற்றுக்குத் துணை, பதில் இல்லை. சின்னக் கட்டியாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால், பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்றிவிடலாம்.

வலியே இல்லாமல் ஒருமுறை சிறுநீரில் ரத்தம் வந்து தானாக நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், கையோடு கொண்டுவாருங்கள். கட்டி அப்போது எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதுதான் எனக்கு முதலில் வேண்டும்.